பேஸ்பால்: பிளேட் நடுவர் கேட்சருக்குப் பின்னால் சரியாக எங்கே நிற்க வேண்டும்?

கோத்தகிரி உடற்கல்வி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நின்ற பழக்கம் உண்டு. இரண்டு ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகள் பேஸ்பால் ஆடத் தொடங்கியிருப்பதால், ஹோம் பிளேட்டுக்கு (மட்டையாளர் அருகே தரையில் பதித்திருக்கும் தட்டு) பின்னால் நின்று, வீச்சு எல்லைக்குள் வந்தால் ஸ்ட்ரைக், வெளியே போனால் பால் என்று சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது. விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டேன். தலைமை நடுவர், அதாவது பிளேட் நடுவர், கேட்சருக்கு (பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்) பின்னால் நிற்க வேண்டும் என்று விதி 8.03 சொல்கிறது. நேர் பின்னாலா, பக்கவாட்டிலா, எவ்வளவு தூரத்தில், கண் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த இடத்தில் அது சொல்லவில்லை.

கிரிக்கெட்டில் பந்துவீசும் முனையில் ஸ்டம்புக்கு நேர் பின்னால் நின்றே பழகியதால், இங்கும் கேட்சரின் தலைக்கு நேர் பின்னால் நிற்கிறேன். இரண்டு ஓரங்களும் சமமாகத் தெரியும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் சென்ற வாரம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒரு தவறு நடந்தது; அது இன்னும் மனத்தைவிட்டுப் போகவில்லை. வெளி ஓரத்தில் (பிளேட்டில் மட்டையாளருக்கு எட்ட உள்ள ஓரம்), முழங்கால் உயரத்தில், அடுத்தடுத்து இரண்டு பந்துகள் ஒரே மாதிரி வந்தன. முதல் பந்தை ஸ்ட்ரைக் என்றேன், இரண்டாவதைப் பால் என்றேன். பந்து வீசிய பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாவது பந்து பிளேட்டைக் கடந்ததை நான் பார்க்கவே இல்லை. கையுறையில் விழுந்த சத்தத்தைக் கேட்டு, கையுறை இருந்த இடத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது.

என் உயரம் 180 செ.மீ. எங்கள் கேட்சர் சிறு பையன். மூன்று இன்னிங்ஸ் குனிந்து நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பையன் பல பந்துகளைத் தவறவிடுவதால் அவை என் மேல் வந்து விழுகின்றன. அதனால் என்னையறியாமல் ஓர் அடி பின்னால் தள்ளி நிற்கிறேன் என்றும் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆட்டம் இருக்கிறது.

அளவுகோல், குன்னூர்

ஐயா, வணக்கம். நான் நடுவர் இல்லை, கணக்கு ஆசிரியர். என் மகள் ஆடுவதால் இந்த விளையாட்டைக் கூர்ந்து பார்த்து வருகிறேன். நீங்கள் பந்தைப் பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதால்தான் எழுதத் தோன்றியது. அதற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் நின்ற இடத்திலிருந்து அந்தப் பந்தை யாராலும் பார்த்திருக்க முடியாது. அதை எண்களிலேயே காட்ட முடியும்.

மட்டையாளர் 150 செ.மீ. உயரமுள்ள பையன் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக் ஸோனின், அதாவது பந்து ஸ்ட்ரைக் ஆவதற்குப் பிளேட்டின் மேல் கடக்க வேண்டிய வெளியின், கீழ் எல்லை முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள குழி. அது தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. இருக்கும். மேல் எல்லை, தோளின் உச்சிக்கும் கால்சட்டையின் மேல் விளிம்புக்கும் நடுவே உள்ள புள்ளி. அது சுமார் 105 செ.மீ. கேட்சர் தலைக்கவசத்தோடு குந்தி உட்கார்ந்தால் அவன் உச்சி 90 செ.மீ. அளவில் இருக்கும். அவன் தலையிலிருந்து பிளேட்டின் முன் விளிம்பு வரை 120 செ.மீ. என்று கொள்வோம். இவை என் மகளின் அணியில் நாடாவை வைத்து அளந்து, முழு எண்ணாக்கிய அளவுகள்.

இப்போது உங்கள் கண் ஸோனின் மேல் எல்லைக்குச் சமமாக 105 செ.மீ. உயரத்தில், கேட்சரின் தலைக்கு நேர் பின்னால் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். கண்ணிலிருந்து புறப்பட்டு அவன் உச்சியை உரசிச் செல்லும் பார்வைக் கோடு 50 செ.மீ. தூரத்துக்குள் 15 செ.மீ. இறங்குகிறது. அதே சரிவில் இன்னும் 120 செ.மீ. போனால் மேலும் 36 செ.மீ. இறங்கி, பிளேட்டின் முன் விளிம்பில் தரையிலிருந்து 54 செ.மீ. உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் கேட்சரின் தலை மறைத்துவிடுகிறது. முழங்கால் 40-இல் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது 54-இலிருந்து. பந்தின் விட்டம் சுமார் 7.3 செ.மீ. ஆகவே இடைப்பட்ட 14 செ.மீ.யில் ஏறக்குறைய இரண்டு பந்துகளின் உயரம் முழுவதும் உங்களுக்குத் தெரியாமல் போகிறது.

பயத்தால் ஓர் அடி பின்னால் போனதாகச் சொன்னீர்கள் அல்லவா? அந்தத் தூரம் 50 செ.மீ.யிலிருந்து 100 செ.மீ. ஆனால், அதே கோடு பிளேட்டின் முன்னால் 72 செ.மீ. உயரத்தில் போய் நிற்கிறது. ஸோனின் கீழ்ப் பாதி அப்படியே மறைந்துவிடுகிறது. பின்னால் போகப் போகப் பார்வை விரியும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் நடுவில் ஒரு தலை இருக்கும்போது நேர்மாறாகத்தான் நடக்கிறது.

நேர் பின்னாலேயே நின்றுகொண்டு முழங்காலைப் பார்க்க வேண்டுமானால் கண் குறைந்தது 111 செ.மீ. உயரத்துக்காவது ஏற வேண்டும். அப்போது கண் மேல் எல்லைக்கு மேலே போய்விடுவதால், நெஞ்சு உயரத்தில் வரும் பந்து எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதைச் சற்று மேலிருந்து குனிந்து பார்த்து முடிவுசெய்ய நேரும்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். கொழுந்து பறிக்கும்போது அம்மா செடியின் மேல் ஒரு நீண்ட குச்சியைக் கிடத்தி, அந்த மட்டத்துக்கு மேலே நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளுவார். எந்த இலை குச்சிக்கு மேலே, எது கீழே என்பதில் சந்தேகம் வந்தால் அவர் நிமிர்ந்து நின்று பார்க்க மாட்டார். இடுப்பை வளைத்து, கண்ணைக் குச்சியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். மேல் எல்லையை அளக்கும் கண் அந்த எல்லையின் மட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தெரியவில்லை.

கண்ணை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது என்றால் மிஞ்சுவது பக்கவாட்டில் நகர்வது ஒன்றுதான். அதை எப்படிச் செய்வது என்று களத்தில் நின்றவர்கள் சொல்லட்டும். நீங்கள் ஒரு சோதனை மட்டும் செய்து பாருங்கள். பிளேட்டின் வெளி மூலையில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, 40 செ.மீ. உயரத்தில் ஒரு பந்தைப் பொருத்தி, கேட்சரை அவன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, முதலில் நேர் பின்னாலும் பிறகு மட்டையாளர் பக்கமாகச் சற்று நகர்ந்தும் நின்று பாருங்கள்.

பழைய விசில், உதகை

தம்பி, கணக்கு வாத்தியார் சொன்னதை நான் முப்பது வருடம் நின்று நின்று கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். சாஃப்ட்பால், பேஸ்பால் இரண்டுக்கும் பிளேட்டுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

நிற்க வேண்டிய இடத்துக்கு ஸ்லாட் என்று பெயர். மட்டையாளருக்கும் கேட்சரின் தலைக்கும் நடுவே கிடைக்கிற சந்து அது. வலக்கை மட்டையாளர் நின்றால் அந்தச் சந்து உனக்கு இடப்பக்கம் இருக்கும். இடக்கை மட்டையாளர் என்றால் வலப்பக்கம். உன் மூக்கு பிளேட்டின் உள் விளிம்புக்கு, அதாவது மட்டையாளருக்கு அருகில் உள்ள விளிம்புக்கு, நேராக இருக்க வேண்டும். தாடை கேட்சரின் உச்சிக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. தூரம், கையை முழுதாக நீட்டாமல் கொஞ்சம் மடக்கி நீட்டினால் கேட்சரின் முதுகை விரல் தொடும் அளவு. ஆனால் தொடக் கூடாது.

இனி கால். வலக்கை மட்டையாளரை வைத்தே சொல்கிறேன். முதலில் இடது காலைச் சந்தில் ஊன்று. அதன் விரல்கள் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, பார்த்திருக்கட்டும். பிறகு வலது காலைத் தோள் அகலத்தைவிடச் சற்றே அதிகமாக விலக்கி, அதன் விரல் நுனி இடது குதிகாலுக்கு நேர்க்கோட்டில் வரும்படி வைத்து, பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிக்கொள். இப்படி வைத்துவிட்டு உட்கார்வதுபோல இறங்கு. உன் இடுப்பு வலிக்குக் காரணம் உயரம் இல்லை என்று நினைக்கிறேன். கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு முதுகை வளைக்கிறாய். கால்கள் அகன்றால் உயரம் தானாகவே குறையும், முதுகும் நிமிர்ந்தே இருக்கும். இன்னொன்று, பந்துக்குப் பந்து எழுந்து நின்று உடம்பைத் தளர்த்திக்கொள். பிட்சர் வீசத் தயாராகும் நேரத்தில் இறங்கினால் போதும். மூன்று இன்னிங்ஸும் குனிந்தபடியே இருக்க யாராலும் முடியாது.

தலை அசையவே கூடாது. பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் இடத்திலிருந்து கையுறைக்குள் போகும்வரை கண் மட்டும் பின்தொடர வேண்டும். தலை நகர்ந்தால் ஸோனும் கூடவே நகர்ந்துவிடும். பந்து விழுந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பொறுத்துச் சொல்; கேட்சர் கையுறையை உள்ளே இழுப்பதைப் பார்த்துச் சொல்லாதே.

கைகளைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. நான் பட்டுக் கற்றுக்கொண்டேன். ஓர் ஆட்டத்தில் வலது கையை முழங்காலின் மேல் விரல்கள் முன்னால் தெரியும்படி வைத்திருந்தேன். மட்டையில் உரசிய பந்து நேராக வந்து நடுவிரலில் விழுந்தது. நகம் கறுத்து, மேல் கணு வீங்கி, கட்டு அவிழ்ந்த பிறகும் அந்த விரல் முழுதாக மடங்கவே இல்லை. இன்றும் தேநீர் டம்ளரைப் பிடித்தால் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சந்துப் பக்கத்துக் கையை வயிற்றுக்குக் குறுக்கே மடக்கி வை. மற்றக் கையைத் தொடையின் மேல் விரல்களை மூடி, கேட்சரின் உடம்புக்குப் பின்னால் மறைவாக வை. மாஸ்க், தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், முழங்கால் முதல் பாதம் வரை ஷின் கார்டு, இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அங்கே நிற்காதே. நீ பின்னால் தள்ளிப் போவது பயத்தால்தான். கவசம் சரியாக இருந்தால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

பழைய கதை ஒன்றும் சொல்கிறேன், உன் கேள்விக்கு நேராகப் பொருந்துவது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக்குகள்; பல காலம் அவற்றின் நடுவர்கள் இரண்டு விதமாக நின்றார்கள். அமெரிக்கன் லீக் நடுவர்கள் பெரிய தலையணை மாதிரி ஊதிய கவசத்தைக் கைகளில் முன்னால் பிடித்துக்கொண்டு, கேட்சரின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். நேஷனல் லீகில் 1905 முதல் 1941 வரை நடுவராக இருந்த பில் கிளெம், சட்டைக்குள் அணியும் மெல்லிய கவசத்தைப் பரவலாக்கினார். அதை அணிந்தவர்களால் சந்தில் நுழைந்து தாழ்வாக நிற்க முடிந்தது. அதனால்தான் நேஷனல் லீகில் தாழ்ந்த பந்துகளும் அமெரிக்கன் லீகில் உயர்ந்த பந்துகளும் அதிகமாக ஸ்ட்ரைக் ஆகின்றன என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. அந்த ஊதிய கவசத்தைக் கடைசியாகப் பயன்படுத்திய ஜெர்ரி நியூடெக்கர் 1985-இல் ஓய்வு பெற்றார். விதி ஒன்றே, நின்ற இடம் மாறியதால் தீர்ப்பும் மாறியது.

மாஜி கேட்சர், கூடலூர்

வணக்கம் சார். நான் கல்லூரி நாள்களில் ஐந்து ஆண்டுகள் சாஃப்ட்பால் அணிக்குக் கேட்சராக இருந்தவள். நடுவரின் இடத்தைப் பற்றி நடுவர்கள் பேசுகிறீர்கள். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளின் பக்கத்திலிருந்தும் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்குப் பின்னால் நின்றவர்களில் சிலர் முதுகில் கையை வைத்துக்கொள்வார்கள். தூரத்தை அளந்துகொள்ளவோ, நிலை தடுமாறாமல் இருக்கவோதான் அப்படிச் செய்கிறார்கள் என்று புரிந்தாலும், கேட்சருக்கு அது மிகுந்த இடைஞ்சல். தாழ்ந்து விழும் பந்தை உடம்பால் தடுக்க நான் முழங்காலில் சரிய வேண்டிய நேரத்தில் அந்தக் கை என்னைப் பிடித்து நிறுத்துவதுபோல இருக்கும். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் தொடாமல் நிற்க வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

தூரத்துக்கு விதியும் ஒன்று உண்டு. ஓட்டக்காரர் அடுத்த பேஸைத் திருட, அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸைப் பிடிக்க, ஓடும்போது கேட்சர் எறியும் எறிக்குப் பிளேட் நடுவர் தடையாக இருந்துவிட்டால், அது நடுவர் குறுக்கீடு. அந்த எறியிலேயே ஓட்டக்காரர் அவுட் ஆகவில்லையென்றால், அவர் பழைய பேஸுக்கே திரும்பிப் போக வேண்டும். நான் வலக்கைக்காரி. வலக்கை மட்டையாளர் நிற்கும்போது நடுவர் என் இடத் தோளுக்குப் பின்னால் இருப்பார், எறியும் கை தடையின்றி இருக்கும். இடக்கை மட்டையாளர் வந்தால்தான் நடுவர் என் வலத் தோளுக்குப் பின்னால் வந்துவிடுவார். முழங்கை பின்னால் போகும்போது அவருடைய மாஸ்கில் இடித்த நாள்களும் உண்டு. ஆகவே இடக்கை மட்டையாளருக்கு மட்டும் அரை சாண் அதிகமாக இடம் விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய சிக்கல் இன்னொன்று. உள் ஓரத்துக்குப் பந்து கேட்டுவிட்டு நான் மட்டையாளர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால், நடுவருக்கு இருந்த சந்து அடைபட்டுவிடும். அப்போது பலர் செய்யும் தவறு, மறுபக்கம், அதாவது வெளிப்பக்கம் போய்விடுவது. அங்கே போனால் மட்டையாளரின் கைகளில் பந்து பட்டதா, மட்டையில் பட்டதா என்பது தெரியாது. உள் ஓரமும் தெரியாது. இருந்த இடத்திலேயே சற்று உயர்ந்து, என் தலைக்கு மேலாகப் பார்த்த நடுவர்கள்தான் அந்தப் பந்துகளைச் சரியாகச் சொன்னார்கள். அந்த ஒரு பந்துக்கு மட்டும் உயரம் கூடுவதில் தவறில்லை. அடுத்த பந்துக்கு மறுபடியும் இறங்கிவிட வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் கேட்சரைக் கூப்பிட்டு, நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிக் காட்டுங்கள் சார். சிறு பையன் என்கிறீர்கள். பின்னால் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவனுக்கும் பயம் குறையும், பந்தைத் தவறவிடுவதும் குறையும்.

மேல்மலை நடுவர், கொடைக்கானல்

மேலே எழுதிய மூவரோடும் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனாலும் ஸ்லாட்டைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது 43 செ.மீ. குன்னூர் ஆசிரியரின் அளவுகளின்படி கண்ணுக்கும் பிளேட்டின் முன் விளிம்புக்கும் இடையே 170 செ.மீ. இருக்கிறது. நடுவில் நின்றால் இரண்டு விளிம்புகளும் பார்வையின் மையத்திலிருந்து ஏறக்குறைய 7 பாகை விலகித் தெரியும். உள் விளிம்புக்கு நேராக மூக்கை வைத்தால் உள் விளிம்பு நேராகத் தெரியும். வெளி விளிம்பு 14 பாகை விலகிப்போகும். பந்தின் ஓரம் சிறிது பிளேட்டின் மேல் சென்றாலும் ஸ்ட்ரைக் என்பதால், வெளி ஓரத்தில்தான் நமக்கு மிக நுட்பமான பார்வை தேவைப்படுகிறது. ஆகவே ஸ்லாட்டில் நிற்பவர் வெளி ஓரத்தில் ஓரளவு இழக்கிறார். இதை மறைத்துச் சொன்னால் புதியவர்கள், ஸ்லாட்டில் நின்றுவிட்டோம், இனி எல்லாம் சரியாகத் தெரியும் என்று நம்பிவிடுவார்கள். வெளி ஓரத்துக்கென்று கண்ணைத் தனியாகப் பழக்க வேண்டும். நான் பயிற்சி நேரத்தில் பிட்சர்கள் வீசும்போது தீர்ப்பு எதுவும் சொல்லாமல், வெளி ஓரப் பந்துகளை மட்டும் எண்ணிக்கொண்டு நிற்பேன். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டாவது செய்தி, நம்மில் பலர் தனியாகவே ஆட்டத்தை நடத்துகிறோம். பேஸ்களைப் பார்க்க இரண்டாவது நடுவர் கிடைப்பதில்லை. ஒரே நடுவர் இருந்தால் அவர் வழக்கமாகக் கேட்சருக்குப் பின்னாலும், பேஸில் ஓட்டக்காரர்கள் இருக்கும்போது சில வேளை பிட்சருக்குப் பின்னாலும் நிற்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. நான் பேஸில் ஆள் வந்துவிட்டால் பிட்சருக்குப் பின்னால் போய்விடுகிறேன். அங்கிருந்து இரண்டு ஓரங்களும் நன்றாகத் தெரிகின்றன. உயரம்தான் குழப்பும், 18.44 மீட்டருக்கு அப்பால் முழங்கால் எது, அதற்குக் கீழ் எது என்று பிரித்தறிவது கடினம். இருந்தாலும் பேஸில் பந்தால் ஓட்டக்காரரைத் தொட்டு அவுட் ஆக்கும் தொடு ஆட்டத்தைப் பார்க்காமல் விடுவதைவிட அது மேல் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இந்த மலைகளுக்கே உரிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் காற்று மெலிந்த ஊர் என்று பேசப்படும் டென்வர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், உதகை 2,200 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்த இடத்தில் சுழற்றி வீசும் பந்து குறைவாகவே வளைகிறது. சமவெளியில் இருந்து வந்து இங்கே நிற்கும் நடுவர்கள், உயரமாக வரும் வளைபந்து கடைசியில் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்து ஸ்ட்ரைக் சொல்லிவிடுகிறார்கள். அது இறங்காமலே போயிருக்கும். கையுறைக்குள் போகும்வரை பொறுத்துப் பாருங்கள் என்று உதகைப் பெரியவர் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

பழைய விசில், உதகை

கொடைக்கானல் நண்பர் வெளி ஓரத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. ஆனால் 7 பாகை, 14 பாகை என்ற கணக்கில் நடுவில் நிற்பவர் வெல்வது, அவருக்குப் பந்து தெரிந்தால்தான். வெளி ஓரத்துத் தாழ்ந்த பந்தைக் கேட்சரின் தலை முழுவதும் மறைத்துவிட்டால், எத்தனை பாகை என்ற பேச்சுக்கே இடமில்லை. கோணலாகத் தெரியும் பந்தைப் பழகிப் பழகிச் சரிசெய்துகொள்ளலாம்.

பிட்சருக்குப் பின்னால் போவதைப் பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. ஒரே இன்னிங்ஸில் பாதிப் பந்துகளை முன்னாலிருந்தும் பாதியைப் பின்னாலிருந்தும் பார்த்தால், பிள்ளைகளுக்கு இரண்டு ஸோன்கள் கிடைக்கின்றன. தனியாக நிற்கும் நாளில்கூட நான் பிளேட்டை விட்டுப் போனதில்லை. விதி அனுமதிக்கிறது என்பதால் அவர் செய்வதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

கோத்தகிரி உடற்கல்வி ஆசிரியர்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து இப்போதுதான் வீடு திரும்பினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாலை மூங்கில் குச்சியில் பந்தைப் பொருத்திச் சோதனை செய்தேன். கேட்சரை உட்காரவைத்து நேர் பின்னால் நின்று இறங்கியபோது குச்சியே தெரியவில்லை. பையனின் தலைக்கவசத்தின் கறுப்பு விளிம்பும், அதற்கு மேலே பிட்சரின் மேடும் மட்டுமே தெரிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்தேன். தலைக்கவசம் விலகி, வெள்ளைப் பந்தும் அதன் சிவப்புத் தையலும் முழுதாகத் தெரிந்தன. இரண்டு ஆண்டுகளாக எத்தனை பிள்ளைகளின் பந்துகளை இப்படிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னேனோ என்று அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இன்று ஆட்டத்துக்கு முன் கேட்சரை அழைத்து, நான் நிற்கும் இடத்தைக் காட்டினேன். அவன் இரண்டு மூன்று முறை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி சார், இங்கேதானே இருப்பீங்க?" என்று கேட்டான். கால்களை அகற்றி நின்றதில் ஐந்து இன்னிங்ஸ் வரை இடுப்பு வலிக்கவில்லை. தொடைதான் வலிக்கிறது, பழகிவிடும் என்று நினைக்கிறேன். தாழ்ந்த வெளிப் பந்துகளை இன்று கண்ணால் பார்த்தே சொன்னேன். கொடைக்கானல் ஐயா எச்சரித்தபடியே, வெளி ஓரத்தில் இரண்டு பந்துகளில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

இரண்டு சிக்கல்கள் மிஞ்சியிருக்கின்றன. எங்கள் ஆடுகளம் சரிவை வெட்டி உண்டாக்கியது. பிளேட்டுக்குப் பின்னால் தரை ஒரு பக்கமாகத் தாழ்ந்திருப்பதால், ஸ்லாட் கால் பள்ளத்தில் போய் உடம்பு சாய்கிறது. மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கி மாஸ்கின் கம்பிகளில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துத் துடைத்துத்தான் பார்க்க முடிந்தது. மற்றொன்று, இடக்கை மட்டையாளர் வரும்போது கால் மாற்றி வைக்கத் தடுமாறுகிறேன். ஒருமுறை பிட்சர் வீசத் தொடங்கிய பிறகும் என் கால்கள் நிலைக்கு வரவில்லை.

பழைய விசில், உதகை

மிக்க மகிழ்ச்சி தம்பி. தரைக்கு மண்வெட்டிதான் மருந்து. ஆட்டத்தன்று காலை அரை மணி நேரம் முன்னதாகப் போய், பிளேட்டுக்குப் பின்னால் உன் இரண்டு கால்கள் படும் இடங்களையும், இடக்கை மட்டையாளருக்காக மறுபக்கத்து இரண்டு இடங்களையும் வெட்டிச் சமப்படுத்து. கிக்குயூ புல் இருந்தால் அந்த நான்கு இடங்களிலும் வேரோடு எடுத்துவிடு. பனி ஈரத்தில் அந்தப் புல் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். பள்ளத்தில் செம்மண்ணைப் போட்டுக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்து. புதிதாக ஆடுகளம் அமைக்கும் வாய்ப்பு வந்தால் திசையையும் கவனி. பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸை நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று விதிப் புத்தகம் சொல்கிறது. சாயங்கால வெயில் உன் முதுகுக்குப் போய்விடும். மலையில் அப்படி அமைவது அபூர்வம்தான்.

மாஸ்கைத் துடைக்கப் பருத்தித் துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொள். ஆனால் மேகம் இறங்கி, நீ நிற்கும் இடத்திலிருந்து பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்புவது தெரியவில்லை என்றால், துடைத்துக்கொண்டு நிற்காதே, ஆட்டத்தை நிறுத்து. அந்த அதிகாரம் உனக்கு இருக்கிறது.

இடக்கை மட்டையாளருக்குக் கால் மாற்றுவதைப் பந்து வரும் நேரத்துக்கு விட்டுவைக்காதே. மட்டையாளர் தன் கட்டத்தை நோக்கி நடந்து வரும்போதே எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துவிட்டு, நீயும் கேட்சருக்குப் பின்னால் நடந்து அந்தப் பக்கம் போய் நில். இப்போது வலது கால் முன்னால், இடது கால் விரல்கள் வலது குதிகாலுக்கு நேராக. பிட்சர் அதற்குள் வீசத் தயாராகிவிட்டால் கையை உயர்த்தி நிறுத்து. உன் கால்கள் நிலைக்கு வந்த பிறகு ஆடச் சொல். கூடலூர் அம்மா கேட்ட அந்த அரை சாணையும் மறந்துவிடாதே.

மாஜி கேட்சர், கூடலூர்

நன்றி ஐயா. சார், "இங்கேதானே இருப்பீங்க?" என்று உங்கள் பையன் கேட்டதை இரண்டு முறை படித்தேன். அடுத்த ஆட்டத்தில் நீங்கள் பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் "வலப்பக்கம் வந்துவிட்டேன்" என்று மெதுவாக அவனிடம் சொல்லிவிடுங்கள். முன்னால் பார்த்தபடி குந்தியிருப்பவனுக்கு அந்த ஒரு சொல் போதும்.